எலும்பில்லாத குலச்சின்னம்

ஸபோர்ஸ்கி குடும்பத்தின் குலச்சின்னக் கேடயத்தில் இருப்பது ஏரி இறால். நண்டின் கொடுக்கும் இறாலின் வாலும் கொண்ட பிராணி, தங்கப் பின்னணியில் சிவப்பாக நிமிர்ந்து நிற்கும். மற்றக் குடும்பங்கள் கரடி, கழுகு, குதிரை என்று வைத்துக்கொண்டிருக்கின்றன. கரடியைக் கேட்டால் எந்த அரசனும் கொடுத்திருப்பான். ஏரி இறாலைச் சம்பாதிக்க வேண்டும்.

ஸ்வீடன்காரர்கள் போலந்துக்குள் வெள்ளமாகப் புகுந்த காலத்தில் எங்கள் மூதாதை டோப்ரோகோஸ்ட் ஸபோர்ஸ்கி, ஏரிக் கோரைக்குள் கழுத்தளவு நீரில் பதுங்கியிருந்தார். கரையில் எதிரிக் குதிரைகள் நின்றன. நீருக்குள் ஓர் ஏரி இறால் அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. குதிரைகள் போயின, விரலும் போயிற்று, கேடயம் வந்தது. அந்த இறாலின் ஓடு இன்றும் எங்கள் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கம்யூனிஸ்ட் அரசு போய், குலச்சின்னங்களை மறுபடி சுவரில் மாட்டலாம் என்ற நிலை வந்த மறுநாளே அதைப் பரணிலிருந்து இறக்கி, சாப்பாட்டு அறையின் நடுவே வைத்தேன்.

உயிரோடிருக்கும் ஏரி இறால் பழுப்பு நிறம்தான், வெந்தால்தான் சிவக்கும், ஆகவே ஸபோர்ஸ்கிகளின் கேடயத்தில் இருப்பது வேகவைத்த இறால் என்று கசாப்புக்கடை ரோக் குபால்ஸ்கி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஒருநாள் கடையில் பலர் முன்னிலையிலேயே, ஆண்களுக்கு உரிய பான் என்ற மரியாதைச் சொல்லையும் விடாமல், என்னிடம் கேட்டார்.

"பான் ஸபோர்ஸ்கி, அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் சோம்புக் கீரையும் வரையலாமில்ல?"

"அது வெந்து சிவக்கல, பான் குபால்ஸ்கி. உங்க வம்சத்தப் பாத்து வெக்கப்பட்டுச் சிவந்திருக்கு," என்றேன். அரைக் கிலோ தொத்திறைச்சி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அவருடைய தொத்திறைச்சியைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

அந்த வசந்தத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியின் விலங்கியல் ஆசிரியை ஒட்டிலியா வ்ரோன்ஸ்கா, பெண்களுக்கு உரிய மரியாதையோடு சொன்னால் பானி ஒட்டிலியா, ஒரு கண்காட்சி வைக்க முடிவு செய்தார். விலங்குகளின் உடம்பைத் தாங்கி நிற்கும் கூடுகள்தான் கண்காட்சியின் பொருள். பள்ளியில் இடம் இல்லை என்பதால் தன்னார்வத் தீயணைப்புப் படையின் கூடத்தில் வைப்பது என்று பேச்சு. திருமணம், நடனம், தேர்தல், எல்லாமே எங்களுக்கு அந்தக் கூடத்தில்தான். தீயணைப்பாளர்களின் காவலரான புனித ஃப்ளோரியான் திருநாளன்று திறப்பு. மறைமாவட்ட ஆயர் வருகிறார். கூடத்தின் நடுவில், வாசலுக்கு நேராக, ஒரே ஒரு மேடை. அதில் எது நிற்கிறதோ அதைத்தான் ஆயர் முதலில் பார்ப்பார்.

அந்த மேடைக்கு இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று எங்கள் ஏரி இறால். மற்றொன்று குபால்ஸ்கி தன் கொப்பரையில் வேகவைத்துச் சுத்தம் செய்து, கம்பி கட்டி நிறுத்தியிருந்த ஒரு முழுப் பசுமாட்டின் எலும்புக்கூடு. மற்றவர்கள் தட்டில் மிச்சம் வைப்பதை அவர் ஊருக்கு நன்கொடையாகக் கொடுத்தார்.

முதல் கூட்டத்துக்கு நான் கறுப்புக் கோட்டு அணிந்து, கண்ணாடிப் பெட்டியோடு போனேன். தீயணைப்புப் படைத் தலைவர் வலென்டி நீள மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடித் தம்ளர்களில் தேநீர், தட்டில் கசகசாச் சுருள் கேக். சுவரில் பானி ஒட்டிலியா தன் கையால் எழுதிய பெயர்ப்பலகை சாய்ந்திருந்தது. வெள்ளை எழுத்தில் ஒற்றைச் சொல்: ஷ்கியெலெட். உடம்பைத் தாங்கும் கூடு என்று பொருள்.

நான் எழுந்தேன். பொது விஷயத்தை உட்கார்ந்து பேசும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"இது யார் எழுதினது?"

"நான்தான், பான் ஸபோர்ஸ்கி. எழுத்து சின்னதா இருக்கா?" என்றார் பானி ஒட்டிலியா.

"எழுத்து சரியாத்தான் இருக்கு. சொல்லுதான் சரியில்ல. ஷ்கியெலெட்டுங்கறது கிரேக்கன் வீட்டுல பொறந்து, ஜெர்மன்காரன் வீட்டுல தின்னு வளந்து, நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வந்த சொல்லு. நமக்குச் சொந்தமா ஒண்ணு இருக்கே. எலும்புக்கு நாம கோஷ்ச்னு சொல்றோம். அதுலேருந்து வந்தது கோஷ்ச்செத்ஸ். நம்ம பாட்டன் பூட்டன் சொன்ன வார்த்த."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் வலென்டி.

"விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒண்ணா, தலைவரே?"

அவர் கேக்கை எடுத்துக்கொண்டார். பேச்சு நன்றாகப் போகும்போது அதை நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. நான் மேலும் ஒரு வாக்கியம் சொன்னேன்.

"இந்த ஊர்ல, நம்ம ஆயர் முன்னாடி, இந்த அந்நியச் சொல்ல எழுதி வெக்கறவங்க உடம்புல போலந்து எலும்பு ஒண்ணுகூட இல்லைன்னு நான் சொல்லுவேன்."

பானி ஒட்டிலியாவின் முகம் கேடயத்தின் நிறத்துக்கு வந்தது. வாக்கெடுப்பு நடந்தது. எலும்பில்லாதவர் என்று பேர் எடுக்க யாருக்கும் விருப்பமில்லை, எல்லாக் கைகளும் உயர்ந்தன. பலகையில் கோஷ்ச்செத்ஸ் என்று எழுத முடிவாயிற்று. எனக்குக் கைதட்டினார்கள். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

அப்போதுதான் குபால்ஸ்கி மீசையிலிருந்து கசகசாவைத் தட்டிவிட்டுக் கையைத் தூக்கினார்.

"ஒரு சின்னச் சந்தேகம். கோஷ்ச்செத்ஸ்னா எலும்புலேருந்து வந்த சொல்லுன்னு பான் ஸபோர்ஸ்கி அழகா வெளக்கினாரு. என் மாட்டுக்கு எலும்பு இருக்கு, நானே எண்ணிக் கட்டினேன். அந்தப் பெட்டில இருக்கற பிராணிக்கு எத்தன எலும்பு?"

கூடம் முழுவதும் என் பெட்டியைப் பார்த்தது.

"பானி, நீங்க சொல்லுங்க," என்றார் வலென்டி.

பானி ஒட்டிலியா மெதுவாகச் சொன்னார்.

"எலும்பு கெடையாது. ஏரி இறாலுக்குக் கூடு வெளியில இருக்கு, அந்த ஓடுதான் அதோட கூடு. அத ஷ்கியெலெட்னு சொல்லலாம், வெளிக்கூடு. ஆனா பாடப் புத்தகத்துல கோஷ்ச்செத்ஸ்னா உள்ள எலும்பு இருக்கற பிராணிகளுக்குத்தான். அந்தத் தலைப்புல இத வெக்க முடியாது."

"அப்ப நடு மேடை மாட்டுக்குத்தானே?" என்றார் குபால்ஸ்கி. "நான் கேக்கல. பான் ஸபோர்ஸ்கியோட பாட்டன் பூட்டன் கேக்கறாங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு, முதுகு வளையாமல் வெளியே வந்தேன்.

வீட்டில் என் தங்கை டொமிசெலா உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். திருமணம் செய்துகொள்ளாமல், எனக்குச் சமைத்துப் போட்டு, அதற்குக் கூலியாக நான் சொல்வதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டு வாழ்கிறவள். நடந்ததை நான் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் செய்தி நடந்து வருவதில்லை.

"அண்ணா, நம்ம பூட்டன் இறால் கடிச்சும் வாயத் தொறக்கல, கேடயம் கெடச்சிது. நீங்க யாரும் கடிக்காமலே தொறந்துட்டீங்க," என்றாள்.

"நான் சொன்னது சரியான சொல்."

"சரியான சொல்லுதான். அதான் நம்ம இறால வீட்டுக்கே திருப்பி அனுப்பிடுச்சு. சொன்னத வாபஸ் வாங்கிடுங்களேன். அடுத்த கூட்டம் இருக்குல்ல?"

"ஸபோர்ஸ்கி சொன்னதைத் திரும்ப வாங்கினதா சரித்திரம் இல்ல."

"அப்ப ஆயர் மாட்டப் பாக்கட்டும்," என்று உருளைக்கிழங்கைப் பானையில் போட்டாள்.

அதுதான் நிலைமை. ஏரி இறாலை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் என் சொல்லை வெளியே தள்ள வேண்டும். என் சொல் நிற்க வேண்டுமானால் முந்நூறு வருடக் கேடயம் குபால்ஸ்கியின் மாட்டுக்குப் பின்னால் போக வேண்டும். இரண்டும் மானம். இரண்டில் எது பெரிய மானம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தந்தையார் கற்றுத்தரவில்லை. ஸபோர்ஸ்கிக்கு அப்படி ஒரு நெருக்கடி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று விசாரிக்கப் பள்ளியின் விலங்கியல் அறைக்குப் போனேன். சொல் அப்படியே இருக்கட்டும், ஏரி இறாலுக்கு மட்டும் தனிச் சலுகை தரலாமே என்பது என் யோசனை. பானி ஒட்டிலியா ஒரு நாரையின் கழுத்தெலும்புகளை வரிசையாகக் கோத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். நான் நின்றேன்.

மேசையின் ஓரத்தில் வேறொரு ஏரி இறால் இருந்தது. பழுப்பு நிறம், எங்களுடையதைவிடச் சிறியது. அனுமதி கேட்டுத் தூக்கினேன். எடையே இல்லை. உள்ளே காலி. ஆனால் கொடுக்கு, மீசை, கண்ணை மூடும் மெல்லிய தோல், ஒன்றும் குறையவில்லை.

"இது எப்படிச் செத்துது?"

"சாகல. கழட்டிப் போட்டுட்டுப் போயிடுச்சு," என்றார். "ஓடு வளராது, பான் ஸபோர்ஸ்கி. உள்ள இருக்கறது வளந்து எடம் பத்தாம போனா, முதுகுப் பக்கமா பொளந்துக்கிட்டு வெளிய வந்துடும். புது ஓடு கெட்டியாகற வரைக்கும் கல்லுக்கடியில ஒளிஞ்சிருக்கும்."

"ஏன் ஒளியணும்?"

"மெத்துன்னு இருக்குமே. யார் வேணா தின்னுடலாம்."

நான் ஓட்டைக் கீழே வைத்தேன். அவர் சுவரோரம் வைத்திருந்த தட்டுகளைக் காட்டினார். வண்டுகள், சிலந்தி, நத்தை ஓடு, ஒரு குப்பியில் அட்டை. அட்டைக்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. உடம்புக்குள் அடைத்து வைத்த நீரே அதைத் தாங்குகிறது, நீரால் ஆன கூடு.

"உலகத்துல இருக்கற பிராணில பெரும்பாலானதுக்கு எலும்பே இல்ல. அதையெல்லாம் காட்டத்தான் இந்தக் கண்காட்சியே வெச்சேன். இப்ப எனக்கு மாடும் அதோட சொந்தக்காரங்களும்தான் மிச்சம்," என்றார்.

என் சலுகை யோசனையைச் சொல்ல அது நல்ல தருணமாக இல்லை. இருந்தாலும் சொன்னேன். அவர் நாரைக் கழுத்தை மேசையில் வைத்தார்.

"பான் ஸபோர்ஸ்கி, தலைப்பு போனா போகட்டும். ஆனா என் உடம்புல போலந்து எலும்பு இல்லைன்னு சொன்னீங்களே. போர்க்காலத்துல நம்ம மொழியச் சொல்லித்தந்தா ஜெர்மன்காரன் சுடுவான்னு இருந்தப்ப எங்கப்பா உருளைக்கிழங்குக் கெடங்குல ஒளிஞ்சிருந்து பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினாரு. அவர் கத்துக்கொடுத்த வார்த்தைதான் ரெண்டுமே. ஷ்கியெலெட்டும் அவர் சொன்னதுதான்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த நிமிடம்வரை அந்த ஊரில் காக்கவேண்டிய குடும்ப மானம் ஒன்றுதான் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். வணங்கிவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது கூட்டத்துக்கும் கறுப்புக் கோட்டு அணிந்தே போனேன். பெட்டியை எடுத்துப்போகவில்லை. தேநீர் ஊற்றும்போதே எழுந்து நின்றேன்.

"தலைவரே, போன கூட்டத்துல நான் சொன்ன ஒண்ணைத் திரும்ப வாங்கிக்கறேன்."

வலென்டியின் கையிலிருந்த கெண்டி நின்றது.

குபால்ஸ்கி நாற்காலியில் சாய்ந்தார். "நான் சரியாக் கேட்டேனா? ஸபோர்ஸ்கி சொன்ன சொல்லத் திரும்ப வாங்கறாரா? சும்மா எப்படி வாங்க முடியும்? அந்தக் காலத்துல உங்க ஆளுங்க பழி சொல்லிட்டு வாபஸ் வாங்கணும்னா மேசைக்கடியில போய்க் குரைப்பாங்களாமே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மை. நம் பழைய சட்டத்தில், மேன்குடியில் பிறந்தவன் ஒருவர்மேல் பொய்ப் பழி சொன்னால், மன்றத்தில் மேசைக்கடியில் புகுந்து, நாயைப்போலப் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு, மூன்று முறை குரைக்க வேண்டும். பேச்சு வழக்கில் இன்றும் சொன்னதைக் குரைத்துத் திரும்ப வாங்கு என்றுதான் சொல்கிறோம், யாரும் குரைப்பதில்லை.

"சரியாச் சொன்னீங்க, பான் குபால்ஸ்கி," என்று கோட்டைக் கழற்றினேன். "ஆனா அது எங்களுக்கு மட்டும் இருந்த உரிமை. கசாப்புக்காரர் பேச்ச யாரும் குரைச்சு வாங்கச் சொன்னதில்ல. அதுக்கு அவ்வளவு மதிப்பு கெடையாது."

கோட்டை மடித்து வலென்டியிடம் கொடுத்தேன். பானி ஒட்டிலியா எழுந்துவிட்டார்.

"வேண்டாம், பான் ஸபோர்ஸ்கி. மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னா போதும். இந்த வயசுல எதுக்கு?"

"மன்னிச்சுக்கோங்கன்னு டிராம்ல கால மிதிச்சாக்கூடச் சொல்லுவாங்க, பானி. உங்கப்பா விஷயத்துக்கு அது பத்தாது."

குனிந்தேன். எழுபத்தைந்து வருடமாகக் குனியாத முதுகு தன் கருத்தைத் தெரிவித்தது. நான் கேட்கவில்லை. கைகளை ஊன்றி மேசைக்கடியில் போனேன். அங்கே பூட்ஸுகள் வரிசையாக இருந்தன. குபால்ஸ்கியின் காலுறைகள் இரண்டும் வேறு வேறு நிறம். அதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

"பானி ஒட்டிலியா வ்ரோன்ஸ்காவின் உடம்பில் போலந்து எலும்பு இல்லை என்று நான் சொன்னது நாய்த்தனமான பொய்," என்று உரக்கச் சொன்னேன். பிறகு குரைத்தேன்.

மேலே பேச்சு கேட்டது.

"இது கணக்குல வருமா?" என்றார் வலென்டி.

"இருமல் மாதிரி இருந்துச்சு," என்றார் குபால்ஸ்கி.

மறுபடி தொடங்கினேன். இம்முறை நெஞ்சிலிருந்து குரைத்தேன், ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதுக்குத் தெருவில் கட்டியிருந்த குபால்ஸ்கியின் நாய் பதில் கொடுத்தது. அந்தக் கூடத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் முறைப்படி பதில் சொன்னது அது ஒன்றுதான்.

"இது கணக்குல வரும்," என்றார் குபால்ஸ்கி.

வெளியே வர முயன்றேன். முடியவில்லை. இடுப்புக்கு மேலே ஏதோ சொடுக்கியது. கால்கள் சரியாக இருந்தன, கைகள் சரியாக இருந்தன, நடுவில் இருப்பது மட்டும் நகர மறுத்தது.

"பான் ஸபோர்ஸ்கி, முடிஞ்சிது, வாங்க," என்று பானி ஒட்டிலியா குனிந்து பார்த்தார்.

"நான் இங்கேயே கொஞ்ச நேரம் இருக்கேன்."

"ஏன்?"

"காரணம் இருக்கு."

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். திரும்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பினேன். குபால்ஸ்கி மேசைக்கடியில் நான்கு காலில் வந்திருந்தார்.

"முதுகா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா."

"அசையாதீங்க. எலும்பு விஷயம் எனக்குத் தெரியும்."

"நான் மாடு இல்ல, பான் குபால்ஸ்கி."

"மாடா இருந்தா இந்நேரம் சொன்ன பேச்சக் கேட்டிருக்கும்." மேலே பார்த்துக் கத்தினார். "ஏய் வலென்டி, மேசையத் தூக்குங்கடா. இவர இழுக்கக் கூடாது."

தீயணைப்பாளர்கள் மேசையைத் தேநீர்த் தம்ளர்களோடு தூக்கி அப்பால் வைத்தார்கள். அந்த வருடத்தில் அவர்களுக்குக் கிடைத்த முதல் மீட்புப் பணி நான்தான். ஒரு கதவைக் கழற்றி என்னை அதன்மேல் மல்லாத்தி, மருத்துவருக்கு ஆள் அனுப்பினார்கள். காத்திருக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று நான் சொல்லவே, வாக்கெடுப்பு நடந்தது. நானும் கதவில் கிடந்தபடியே கையை உயர்த்தினேன். பலகையில் ஷ்கியெலெட் என்று எழுதுவதற்கு எதிர்ப்பே இல்லை. பானி ஒட்டிலியாவின் வண்டும் நத்தையும் அட்டையும் திரும்ப உள்ளே வந்தன.

"நடு மேடை?" என்றார் வலென்டி.

குபால்ஸ்கி முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாட்ட வாசலுக்கு நேரா வெச்சா ஆயர் உள்ள வர வழியிருக்காது," என்றார் யாரையும் பார்க்காமல். "நான் அளந்து பாத்தேன். கொம்பு இடிக்குது. சின்னதா எதாவது வைங்க."

கொம்பு இடிக்காது என்பது எனக்குத் தெரியும். நானும் அளந்து பார்த்திருந்தேன். அதற்காக அவருக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுநாளே மாட்டைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்.

புனித ஃப்ளோரியான் திருநாளன்று ஏரி இறால் தன் கண்ணாடிப் பெட்டியில், நடு மேடையில், கேடயத்தோடு நின்றது. மருத்துவர் எனக்கு அக்குளிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார். கறுப்புக் கோட்டை அதன்மேல் பொத்தானிட முடியவில்லை. டொமிசெலா ஒரு மேசைவிரிப்பை இடுப்புப் பட்டைபோல மடித்துக் கட்டிவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கீங்க, அண்ணா. கண்ணாடிப் பெட்டி ஒண்ணுதான் கொறச்சல்," என்றாள்.

மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். குபால்ஸ்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பானி ஒட்டிலியாவைக் கூப்பிட்டார்.

"பானி, இவரையும் வெளிக்கூடு வரிசையில சேத்துடலாமா?"

பானி ஒட்டிலியா விரல் முட்டியால் என் மாவுக்கட்டைத் தட்டினார். நல்ல சத்தம் வந்தது.

"சேத்துக்கலாம். ஆனா கொஞ்ச நாள்ல கழட்டிப் போட்டுடுவாரு. அப்ப ஓட்ட எனக்குத் தரணும்."

"தரேன்," என்றேன். "ஆனா கேடயத்துக்கு வலப்பக்கம் வெக்கணும். இடப்பக்கத்துல நிக்க எனக்கு வழக்கமில்ல."

ஆயர் வந்தார். முதலில் ஏரி இறாலைத்தான் பார்த்தார். வேகவைத்ததா என்று கேட்டார். யாரோ அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருக்க வேண்டும். அதன்பின் படைப்பின் பெருமை பற்றிப் பேசத் தொடங்கினார். நீளமான பேச்சு. முதலில் வலென்டி உட்கார்ந்தார், பிறகு தீயணைப்பாளர்கள், பிறகு டொமிசெலா, கடைசியில் குபால்ஸ்கியும் தன் மாட்டின் விலாவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் அமர்ந்தார். முடியும்வரை நேராக நின்றது ஸபோர்ஸ்கி ஒருவர்தான். உட்கார முடியாது என்பது வேறு விஷயம்.